அசையாத நாலாவது நட்டு: அப்பா, நான், ஒரு பழைய மாருதி 800

யாராவது கொஞ்சம் வித்தியாசமாக நடந்துகொண்டால் 'மரை கழண்டுபோச்சு' என்கிறோம். 'நட்டு லூஸு' என்கிறோம். கழண்டுபோனவர்களுக்கு இத்தனை பட்டம் வைத்திருக்கும் நாம், கழலவே மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கும் ஒன்றுக்கு ஒரு நல்ல பெயர்கூட வைக்கவில்லை. மெக்கானிக் ஷெட்டுகளில் 'ஜாம் ஆயிடுச்சு' என்பார்கள். தூத்துக்குடியில் எங்கள் அப்பா சொல்வது இன்னும் சுருக்கம்: 'பிடிச்சிட்டு.'

கார் வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சொல்லின் கனம் தெரியும். பஞ்சர் ஆன டயரைக் கழற்றுவதற்குள் ராத்திரி 11 மணி ஆகிவிட்டது என்று ஒரு கதையாவது உங்கள் வீட்டிலும் இருக்கும். எங்கள் வீட்டுக் கதைக்கு மூன்று நாள் ஆனது. எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் இதற்குத் தலைப்பு வைக்கச் சொன்னால் 'ஐந்தே நிமிடத்தில்' என்று ஆரம்பிப்பார்கள். நட்டுக்கு அதெல்லாம் தெரியாது.

முதலில் காரைப் பற்றி. 2010-ல் பதிவு செய்த மாருதி 800. பெருநகரங்களில் அந்த வருடமே அதன் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். எங்களைப் போன்ற ஊர்களில் தொடர்ந்து கிடைத்தது. 2014 ஜனவரியில் தயாரிப்பே நின்றுபோனது. 796 சிசி, 12 இன்ச் சக்கரம், சக்கரத்துக்கு நாலே நாலு நட்டு. அப்பா தன் வாழ்நாளில் வாங்கிய ஒரே கார். ஒர்க்‌ஷாப்பில் 32 வருடம் ஃபிட்டர் வேலை பார்த்தவர், அந்த காரை வெளியாள் கையில் அநேகமாகக் கொடுத்ததில்லை.

2023-ல் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு தப்பித்தது. கால், கொஞ்ச நாளில் தேறிவிட்டது. வலது கை மட்டும் பாதிதான் திரும்பியது. விரல்கள் மடங்கும், ஆனால் பிடிக்காது. டம்ளரை இடது கையில் தூக்கப் பழகிக்கொண்டார். ஸ்பேனரைத் தொடவில்லை. காரும் அன்றிலிருந்து வீட்டுக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் நின்றது.

இந்த வருடம் அதற்கு 15 வயது முடிந்தது. தனியார் காருக்கு ஆர்.சி. 15 வருடம்தான் செல்லும். அதன்பிறகு வண்டியைக் காட்டி, சோதனையில் தேறினால் 5 வருடத்துக்குப் புதுப்பித்துத் தருவார்கள். அதற்கான கட்டணம் முன்பு 600 ரூபாய். 2022 ஏப்ரல் முதல் 5,000. 'அந்தக் காசுக்கும் மேல செலவு பண்ணி இதை எதுக்கு வச்சுக்கிட்டு? எடைக்குப் போட்டுருவோம்' என்றான் அண்ணன். அவன் சொன்னதில் கணக்கு சரிதான். அப்பா எதுவும் பேசவில்லை. அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிடவும் இல்லை.

நான் பத்து நாள் விடுப்பில் ஊருக்குப் போயிருந்தேன். பேச்சுவார்த்தையில் ஓர் ஒப்பந்தம் வந்தது. இடது பின்சக்கரத்தின் உள்பக்கம் பிரேக் ஆயில் கசிந்த தடம் இருந்தது. சக்கரத்தைக் கழற்றிப் பார்ப்பது, டிரம்மும் அடிப்பகுதியும் நன்றாக இருந்தால் புதுப்பிப்பது, தகடு அரித்துப்போயிருந்தால் கொடுத்துவிடுவது. கழற்ற வேண்டியது நான். சொல்லித்தர வேண்டியது அப்பா. மூன்று நட்டும் முதல் அரை மணி நேரத்தில் வந்துவிட்டன. நாலாவது நட்டிடம்தான் காரின் விதி மாட்டிக்கொண்டது.

அது ஏன் அப்படிப் பிடித்துக்கொண்டது? எங்கள் ஊர்க் காற்றைக் கேட்டால் சொல்லும். உப்பு விளைச்சலில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும்பங்கு தூத்துக்குடிக்கு. உப்புக்காற்று படிகிற இடத்தில் ஈரம் சீக்கிரம் காயாது, துரு வேகமாக ஏறும். ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், கேட் கீல் எதுவும் தப்பாது. துரு என்றால் இரும்பு தின்னப்பட்டுக் கரைவது என்றுதான் நினைக்கிறோம். தின்னப்படுவது உண்மை. ஆனால், இரும்பு துருவாக மாறும்போது முன்பு அடைத்திருந்ததைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். கான்கிரீட் தூணில் கம்பி துருப்பிடித்து வெளியே வெடித்து நிற்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே விஷயம். நட்டின் மரைக்கும் ஸ்டட்டின் மரைக்கும் நடுவில் இருப்பது முடி அளவு இடைவெளி. அதற்குள் துரு பருத்தால், யாரோ ஆப்பு அடித்து வைத்த மாதிரிதான்.

இன்னொரு காரணமும் உண்டு. கார் நிற்பதற்கு முன் கடைசியாக அந்தச் சக்கரத்துக்குப் பஞ்சர் பார்த்தது ஒரு கடையில், காற்றுத் துப்பாக்கியால். 'டர்ர்ர்' என்று இரண்டு நொடி. அந்த இரண்டு நொடியில் எவ்வளவு இறுகியது என்று அழுத்தியவருக்கும் தெரியாது. இன்றைய சிறிய கார்களின் சக்கர நட்டுக்குக் கம்பெனி சொல்வது பெரும்பாலும் 85-லிருந்து 110 நியூட்டன் மீட்டர் வரை. புரியும்படி சொன்னால், 30 செ.மீ. நீள ஸ்பேனரின் நுனியில் சுமார் 30 கிலோ பாரம். துப்பாக்கி அதைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

இறுக்குவதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நாம் கொடுக்கும் சக்தியில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு உராய்வை ஜெயிப்பதற்கே போய்விடும். மிச்சம்தான் ஸ்டட்டை இழுத்து, ஒரு ஸ்பிரிங் மாதிரி நீட்டிச் சக்கரத்தைப் பிடித்து வைக்கிறது. நட்டு என்பது இழுத்துக் கட்டிய ஸ்பிரிங் என்று புரிந்தால், அதை முரட்டுத்தனமாகத் திருகக்கூடாது என்பதும் புரியும். தாங்கும் அளவைத் தாண்டினால் ஸ்டட் முறிந்துவிடும்.

முதல் நாள் அப்பா பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு ஆணை பிறப்பித்தார். 'ஜாக்கியைத் தொடாத. டயரு தரையில இருக்கும்போதே நட்டை அசைக்கணும், ஏட்டி. தூக்கிட்டா சக்கரமே சுத்தும்.' ஹேண்ட் பிரேக். முதல் கியர். மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கருங்கல். காரோடு வந்த எல் வடிவ ஸ்பேனரை வாங்கிப் பார்த்துவிட்டு ஓரமாகப் போட்டார். அதன் வாய் தேய்ந்திருந்தது. வாய் அகன்ற ஸ்பேனர் நட்டின் மூலைகளை மழுக்கிவிடும். மூலை மழுங்கினால் அப்புறம் எந்த மருந்தும் வேலை செய்யாது. தன் பழைய பெட்டியிலிருந்து ஆறு மூலை சாக்கெட் ஒன்றை எடுக்கச் சொன்னார். பன்னிரண்டு மூலை சாக்கெட்டும் இருந்தது. அது நட்டின் மூலையை மட்டும் பிடிக்கும், ஆறு மூலை பக்கவாட்டையும் சேர்த்துப் பிடிக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மூன்று வந்தன. நாலாவதை அழுத்தினால், ஸ்பேனர் நிற்கிறது, நான்தான் நகர்கிறேன். மதில் மேலிருந்து பக்கத்து வீட்டு மாமா, 'கம்பி மேல ஏறி ஒரு குதி குதி பிள்ளை' என்றார். இந்த யோசனை தமிழ்நாட்டில் எல்லாத் தெருவிலும் இலவசமாகக் கிடைக்கும். அப்பா தலையைக்கூடத் திருப்பவில்லை. 'குதிச்சா ஒண்ணு ஸ்டட்டு ஒடியும், இல்ல கணுக்கால் ஒடியும்' என்றார் என்னிடம்.

எண்ணெய் விடும் நேரம் வந்தது. நான் கடைக்குப் போய் டபிள்யூடி-40 டப்பா வாங்கி வந்தேன். இது 1953-ல் அமெரிக்காவின் சான் டியாகோவில் பிறந்தது. அட்லஸ் ஏவுகணையின் மேல்தோல் துருப்பிடிக்காமல் ஈரத்தை விரட்டுவதற்கு ஒரு கலவை தேடினார்கள். 40-வது முயற்சியில் சரியாக வந்ததால் அந்தப் பெயர். ஈரத்தை விரட்டுவதுதான் அதன் முதல் வேலை. இறுகிய மரைக்குள் ஊடுருவுவதற்கென்றே தனியாக எண்ணெய்கள் உண்டு. அப்பாவின் கட்சி டீசல். 'முப்பத்திரண்டு வருசம் இதான் போட்டேன்.' சண்டை வேண்டாமென்று முதலில் அது, ஒரு மணி நேரம் கழித்து இது என்று முடிவானது. நட்டு சக்கரத் தகட்டில் உட்காரும் விளிம்பில் சொட்டுச் சொட்டாக. ஊற்றுவதில் பிரயோஜனமில்லை. விளக்குத் திரியில் எண்ணெய் தானே ஏறுகிறதல்லவா, அதே மாதிரி தானே உள்ளே போக வேண்டும். அதற்கு நேரம்தான் தேவை. டிரம் பக்கம் வழியாமல் அடியில் ஒரு பழைய துணி. பிரேக்கில் எண்ணெய் பட்டால், நட்டைக் கழற்றிய சந்தோஷம் அடுத்த வளைவு வரைதான்.

'நாளைக்குப் பார்ப்போம்' என்று அப்பா எழுந்து போய்விட்டார். எனக்கு இது புதிது. செய்தி வேலையில் 'நாளைக்கு' என்றொரு நாளே கிடையாது.

இரண்டாம் நாள் காலை, அம்மா காபியோடு வந்தார். டீசல் நாற்றத்துக்கு முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டே, 'வெந்நி ஊத்திப் பார்த்தீங்களா?' என்றார். நானும் அப்பாவும் சிரித்தோம். அம்மா விடவில்லை. 'ரெண்டு எவர்சில்வர் டம்ளர் ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டிக்கிட்டா என்ன செய்யுதேன்? உள் டம்ளர்ல பச்சத் தண்ணி, வெளி டம்ளரு வெந்நில. தன்னால கழண்டு வராது?'

அப்பா சிரிப்பை நிறுத்தினார். ஒர்க்‌ஷாப்பில் அவர்கள் கேஸ் டார்ச்சால் நட்டைச் சிவக்கச் சூடாக்கியதும் இதே கணக்குதான். சூட்டில் நட்டு விரியும், துளையும் சேர்ந்து விரியும், துரு வெடிக்கும். ஆனால், எண்ணெய் விட்ட இடத்தில் நெருப்பு கூடவே கூடாது. பக்கத்தில் ரப்பர் டயர், பிரேக் ஆயில் வேறு. வீட்டில் யாரும் இதை முயல வேண்டாம். வெந்நீருக்கு அந்த ஆபத்து இல்லை, பலமும் அவ்வளவு இல்லை. நான் மொபைலில் கணக்குப் போட்டேன். 12 மி.மீ. துளை 70 டிகிரி கூடுதல் சூட்டில் விரிவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. அம்மாவிடம் காட்டினேன். 'துரு என்ன, மூட்டையாவா உட்கார்ந்திருக்கு? அந்த நூறுல ஒரு பங்குலதானே உட்கார்ந்திருக்கு' என்றார். பதில் சொல்ல முடியவில்லை. கெட்டில் வெந்நீர் ஊற்றினோம். ஆறியதும் மறுபடி டீசல். ஆறும்போது சுருங்கி எண்ணெயை உள்ளே இழுக்கும் என்பது அப்பா சேர்த்துக்கொண்ட திருத்தம்.

பிறகு தட்டல். சுத்தியலால் நட்டின் தலையில், நேராக, பலமில்லாமல், நிறைய தடவை. அதிர்வில் துரு நொறுங்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். அப்பா கண்ணை மூடிக் கேட்டார். ஒரு நட்டின் சத்தத்தில் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். ஐம்பது தட்டு தாண்டியிருக்கும், 'நிறுத்து. இப்ப திரும்பத் தட்டு' என்றார். 'டொக்' என்று இருந்தது கொஞ்சம் மெல்லிசாகியிருந்தது. எனக்கு அப்படித் தோன்றியது, அவருக்குத் தெரிந்தது.

அன்று மாலை பிசியோதெரபி செய்பவர் வந்து அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டினார். மடக்கு, விடு. மடக்கு, விடு. 'இந்த விரலுக்கும் ரெண்டு சொட்டு டீசல் விட்டுப் பார்ப்பமா?' என்றார் அப்பா. அவர் சிரித்தார். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாம் நாள். பழைய அடிபம்பின் பைப் ஒன்று பின்கட்டில் கிடந்தது, மூன்றடி நீளம். சாக்கெட்டின் கம்பியில் அதைச் செருகினால் கைப்பிடி 90 செ.மீ. ஆகிவிடும். 100 நியூட்டன் மீட்டருக்கு அப்போது 11 கிலோ அழுத்தம் போதும். அதைப் போல இரண்டு மடங்கு பிடித்திருந்தாலும் 25 கிலோவுக்குள்தான். அரிசி மூட்டை தூக்கத் தெரிந்த யாராலும் முடியும். நீளம் பலத்தின் வேலையைச் செய்யும் என்று எட்டாம் வகுப்பில் படித்ததை நான் இவ்வளவு நாள் நம்பாமல் இருந்திருக்கிறேன்.

சிக்கல் வேறு. பைப் நீளமானால் சாக்கெட் ஒரு பக்கமாகச் சாயும், நட்டிலிருந்து நழுவும். சாக்கெட்டின் தலையை ஒருவர் நட்டோடு சேர்த்து அழுத்திப் பிடிக்க வேண்டும். நான் மதில் பக்கம் பார்த்தேன், மாமாவைக் கூப்பிடலாமா என்று. அதற்குள் அப்பா நாற்காலியிலிருந்து இறங்கி, தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டார்.

'எப்பா, வேண்டாம். நழுவுனா கையில அடிச்சிரும்.'

'பிடிக்கத்தான் முடியாது. தள்ள முடியும்லா?'

வலது உள்ளங்கையைச் சாக்கெட்டின் தலையில் வைத்து, இடது கையால் அதன் மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டார். விரல்கள் லேசாக நடுங்கின, உள்ளங்கை நடுங்கவில்லை. வாசலில் அம்மா எதையோ சொல்ல வந்து சொல்லாமல் நின்றார். நானும் அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை.

'முதல்ல இறுக்கு.'

'இறுக்கவா?'

'கொஞ்சமா. மேல தூக்கு, இறுகும். அப்புறம் கீழ அழுத்து. மறுபடி மேல. முன்ன பின்ன ஆட்டித்தான் எடுக்கணும். ஒரே பக்கமா இழுத்தா முறிஞ்சிரும்.'

பைப் இடது பக்கம் படுத்திருந்தது. மேலே தூக்கினேன், கீழே அழுத்தினேன். மேலே, கீழே. குதிக்காமல், எடையை மெதுவாக ஏற்றி. ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ, 'டக்!' தெருவுக்கே கேட்டிருக்கும். பைப் ஒரு சாண் இறங்கியது.

எனக்குப் பயம்தான் முதலில் வந்தது. முறிந்துவிட்டதோ? அப்பா உடனே கேட்டார்: 'எப்படி இருந்துச்சு? வெண்ணெய் மாதிரி இழுத்துச்சா, கட்டை மாதிரி விட்டுச்சா?'

'கட்டை மாதிரி.'

'அப்போ கழண்டுட்டு.'

ஸ்டட் முறியப் போகும்போது சத்தம் முதலில் வராதாம். கையில் ஓர் இளக்கம் தெரியுமாம், வெண்ணெய்யில் கத்தி இறங்குவது போல. பிறகுதான் ஒடியும். துரு விடும்போது இளக்கம் இருக்காது, திடீரென்று விடும். இதை எந்தப் புத்தகத்தில் படிப்பது? அப்பாவின் வலது கைக்கு இது தெரியும். இப்போது என் கைக்கும் தெரியும்.

நட்டு கால் சுற்று வந்தது, நின்றது. திரும்ப இறுக்கி, டீசல் விட்டு, அரைச் சுற்று. காப்பிப்பொடி மாதிரித் துரு உதிர்ந்தது. முழுவதும் வெளியே வர இன்னும் இருபது நிமிடம். அதன்பிறகுதான் ஜாக்கி. காரை ஜாக்கியில் மட்டும் நம்பி யாரும் அடியில் தலையை நீட்டாதீர்கள். நாங்கள் கழற்றிய சக்கரத்தையே படுக்கவைத்து அடியில் தள்ளினோம், தவறி இறங்கினாலும் அதன்மேல் நிற்கட்டும் என்று.

உள்ளே தகடு அரிக்கவில்லை. மேல்துரு மட்டும். கசிந்தது பிரேக்கின் வீல் சிலிண்டர். அதை மாற்றும் வேலையை நான் தொடவில்லை, அப்பாவும் தொடவிடவில்லை. தெரிந்த மெக்கானிக் வீட்டுக்கே வந்து ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டார். ஸ்டட்டைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்து, மரை முழுசாக இருக்கிறதா என்று பார்த்து, அந்த ஒரு நட்டை மட்டும் புதிதாகப் போட்டோம். அதன் விலைக்கு ஒரு பரோட்டாகூட நிம்மதியாகச் சாப்பிட முடியாது. சக்கர மரையில் கிரீஸ் தடவவில்லை. தடவினால் உராய்வு குறைந்து, அதே கை பலத்துக்கு அளவுக்கு மீறி இறுகும். எதிரெதிர் நட்டாக இறுக்கினோம், துப்பாக்கி இல்லாமல், கையால். கொஞ்ச தூரம் ஓட்டியதும் மறுபடி ஒருமுறை இறுக்கம் பார்த்தாயிற்று.

எதனால் கழண்டது என்ற வழக்கு மட்டும் இன்னும் முடியவில்லை. அப்பா டீசல் என்கிறார். அம்மா வெந்நீர் என்கிறார், சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டும் சொல்லிவிட்டார். நான் அடிபம்பு பைப்பின் பக்கம். 'அப்போ கொடுக்கலையா?' என்று அண்ணன் போனில் கேட்டான். 'பிரேக் பார்க்க நாள் வாங்கியிருக்கு, வாரியா?' என்றார் அப்பா. லீவு கிடைத்தால் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

ஊரிலிருந்து கிளம்பும் நாளன்று காலை பல் தேய்த்துக்கொண்டே வேப்பமரத்தடிக்குப் போனேன். வலது பின்சக்கரத்தின் நாலு நட்டிலும் ஈரம் மின்னியது, அடியில் பழைய துணி. டீசல் பாட்டில் மூடி திறந்தபடி இருந்தது. ஒரு கையால் மூட வராது அது. மூடி வைத்துவிட்டுப் பையை எடுக்க உள்ளே போனேன்.